ஒரு நாள் நடைக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை?

கேட்கப்பட்ட கேள்வி: "காட்டுப் பாதையில் பகல் நடைக்குப் போகிறேன். எதிர்பாராமல் இரவு அங்கேயே தங்க நேர்ந்தால் சமாளிக்க என்ன தயாரிப்பு வேண்டும்?"

நீங்கள் இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கூடாரம், படுக்கை எதுவும் இருக்காது. முதுகில் சின்னதாக ஒரு பை, அதில் தண்ணீரும் கொறிக்க ஏதாவதும். அப்படி வைத்துக்கொண்டே பேசுகிறேன். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, மலையேற்றம் சொல்லிக்கொடுப்பவனும் இல்லை. "நீ யாருய்யா இதைச் சொல்ல" என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். போகிற இடமெல்லாம் "மூட்டை தூக்கி" என்று கேலி வாங்குகிறவன், அதுதான் என் தகுதி.

நானும் என் மைத்துனனும் அவன் நண்பர் ஒருவரும் போயிருந்தோம். திரும்பி வரும்போது, உருளும் கல்லில் கால் வைத்து நண்பருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. வண்டி நின்ற இடத்துக்கு நல்ல காலோடு போனாலே ஒன்றரை மணி நேரம் ஆகும். கையை நீட்டி, சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவில் விரல்களைப் படுக்கையாக வைத்துப் பார்த்தேன். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம் என்பது கணக்கு. இரண்டு விரல்தான் இருந்தது. மரத்தடியில் இருட்டு அதற்கும் முன்னால் வந்துவிடும்.

"மாமா, போன்ல லைட் இருக்கு, மெல்லப் போயிடலாம்" என்றான் மைத்துனன். முடியாது என்று சொல்லிவிட்டேன். போன் வெளிச்சம் காலடியில் நாலு எட்டுக்குத் தெரியும். பேட்டரியும் தீரும், இன்னொருவர் காலும் போகும். என்னைக் கேட்டால், வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே "இனி நடக்கப்போவதில்லை" என்று முடிவெடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தயாரிப்பு. அந்த அரை மணி நேரத்தில் செய்து முடிக்க நிறைய வேலை இருக்கிறது.

பக்கத்தில் காய்ந்த ஓடை ஒன்று, மணல் மெத்தென்று இருந்தது. எல்லோருக்கும் அங்கேதான் படுக்கத் தோன்றும். படுக்காதீர்கள். மேலே எங்கோ மழை பெய்தால் தண்ணீர் சொல்லாமல் வரும். அதோடு, இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் வந்து தேங்கும். கொஞ்சம் மேலேறி, காற்று நேராக அடிக்காத சரிவில் இடம் பிடித்தோம். தலைக்கு மேல் பட்ட கிளை ஏதும் இல்லை என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டோம்.

அடுத்தது தரை. குளிர் என்றால் எல்லோரும் மேலே எதைப் போர்த்துவது என்றுதான் யோசிக்கிறார்கள். கீழே இருக்கும் மண்ணும் உடம்புச் சூட்டை நிறைய உறிஞ்சும். என் பையில் பெரிய குப்பைப் பைகள் எப்போதும் மடித்துக் கிடக்கும். குச்சியால் கிளறி, தேள் பூரான் இல்லை என்று பார்த்துவிட்டு, காய்ந்த சருகை ஒரு பையில் திணித்தோம். முழங்கால் உயரத்துக்கு உப்பலாக இருந்தது, நண்பர் உட்கார்ந்ததும் கையளவு ஆகிவிட்டது. மறுபடி திணித்தோம். இன்னொன்றில் முகத்துக்கு ஓட்டை போட்டுச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டோம். (தலையோடு மூடிக் கட்டிவிடாதீர்கள், மூச்சு முட்டும்.) கடையில் விற்கும் பளபளா அலுமினியப் போர்வையும் இருந்தது. அது உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், அதுவும் உடம்புக்கும் அதற்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான். வெறும் தரையில் விரித்துப் படுத்தால் பெரிதாகப் பயன் இல்லை. ராத்திரி முழுக்க சரசரவென்று சத்தம் வேறு.

தீ மூட்டவில்லை. சுற்றிலும் சருகு, நல்ல காற்று, மூட்டியிருந்தால் எங்கள் கதை வேறு மாதிரி போயிருக்கும். லைட்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

விடியலுக்கு முந்தைய நேரம்தான் மோசம். நண்பர் வெடவெடவென்று நடுங்கினார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், பேச்சும் லேசாகக் குழறுவது போலிருந்தது. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னேன். தொட்டார். அந்த அளவுக்கு விரல் சொன்னபடி கேட்டால் இன்னும் சமாளிக்கலாம். சாக்லேட் கொடுத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தோம். நடுங்குவதைக் கண்டு பயப்படாதீர்கள், உடம்பு சூடு பண்ணிக்கொள்கிறது. சூடேறாமலே நடுக்கம் நின்று, ஆளும் குழம்பிப் பேசினால்தான் ஆபத்து. "ஒரு குவார்ட்டர் இருந்தால் போதுமே" என்று எழுத வருகிறவர்களுக்கும் இங்கேயே பதில்: மது தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடு மாதிரி தெரியும், உள்ளே இருக்கிற சூடுதான் வெளியே போகும்.

என் மைத்துனனைப் பற்றி இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் இந்தக் கதையை எடுத்துவிடுவான். அவன் கதையில் ராத்திரி முழுக்க நெருப்பு எரியும், அவன்தான் குச்சியை உரசி மூட்டியிருப்பான், "மாமா பயந்துட்டார்" என்று ஒரு வரியும் உண்டு. எல்லோரும் சிரிப்பார்கள். அன்று என்னிடம் வாங்கிய தலைவிளக்கை இன்றுவரை திருப்பித் தரவில்லை. கேட்டால் "எந்த விளக்கு?" என்கிறான்.

சரி, உங்கள் பைக்கு வருகிறேன். பெரிய குப்பைப் பை இரண்டு, தலைவிளக்கு, அதற்கு மாற்று பேட்டரி, விசில், குல்லா, பருத்தி அல்லாத ஒரு மேலாடை (பருத்தி நனைந்தால் காயாது, குளிரும்), தேவைக்கு மேல் ஒரு பாட்டில் தண்ணீர், இனிப்பு. எல்லாம் சேர்ந்தும், தண்ணீரைத் தவிர்த்தால், பெரிய எடை இல்லை.

போனை உடனே அணைத்துவிடாதீர்கள். பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்திலும் சில சமயம் குறுஞ்செய்தி போய்விடும். இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன அடி, "இங்கேயே இருக்கிறோம்" என்று நாலும் ஒரே செய்தியில் அனுப்பிவிட்டு விமானப் பயன்முறையில் போட்டு, சட்டைக்குள் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று என் மனைவியிடம் எழுதிக் கொடுத்திருந்தேன், அதை வைத்துத்தான் ஆட்கள் கிளம்பினார்கள். காலையில் பேச்சுக்குரல் கேட்டதும் விசிலை மும்மூன்றாக ஊதினேன். கத்தினால் தொண்டைதான் போகும், விசில் தூரம் போகும். எழுந்ததும் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள்.