பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு, டிக்கெட்டுக்குப் பணம்?

கேள்வி: சேலம் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல பவர் எலக்ட்ரானிக்ஸ்ல பிஎச்டி பண்றேன். ஜெர்மனில நடக்கப்போற ஒரு ஐஇஇஇ (எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்களோட உலக அமைப்பு) கான்ஃபரன்ஸ்ல என் பேப்பர் அக்செப்ட் ஆயிருக்கு, இன்னும் மூணு மாசம் இருக்கு. எல்லாம் சேர்த்தா ஒண்ணே முக்கால் லட்சம் வரும்போல. எனக்கு மாசம் 20,000 தான் வருது. அம்மா நகையை அடகு வைக்கலாம்ங்குறாங்க. எனக்கு மனசே வரல சார். (வாசகி, சேலம்)

பதில்: நகை பீரோலயே இருக்கட்டும்மா, அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆனா மூணு மாசம்ங்குறது இந்த விஷயத்துல ரொம்ப கம்மி, இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க.

முதல்ல மத்திய அரசு பணம். ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குற செர்ப்னு கேள்விப்பட்டிருப்பீங்க, 2023ல சட்டம் போட்டு அதை ஏஎன்ஆர்எஃப்ங்குற புது ஆராய்ச்சி நிதி அமைப்புக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, அங்க இன்டர்நேஷனல் டிராவல் சப்போர்ட்னு ஒரு ஸ்கீம், எல்லாரும் ஐடிஎஸ்னு சொல்லுவாங்க. பேப்பர் வாசிக்கப் போறவங்களுக்கு எகானமி டிக்கெட், விசா ஃபீஸ், 35 வயசுக்குள்ள இருந்தா ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸும் இதுல கேக்கலாம். இப்போதைய ரூல், கடைசி தேதி ரெண்டையும் போர்ட்டல்ல பாத்துட்டு அப்ளை பண்ணுங்க. மத்திய அரசோட இன்னொரு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்லயும் டிராவல் கிராண்ட் இருக்கு, அங்க பெரும்பாலும் ஒரு பகுதிதான் கிடைக்கும். ஒரே பில்லை ரெண்டு இடத்துல காட்ட முடியாது, ஆனா டிக்கெட் ஒருத்தர்கிட்ட, ரிஜிஸ்ட்ரேஷன் இன்னொருத்தர்கிட்டன்னு பிரிச்சுக் கேக்குறதுல தப்பே இல்ல, ரெண்டு பேர்கிட்டயும் மறைக்காம சொல்லிடுங்க.

அடுத்தது உங்க துறைக்காரங்களே குடுக்குறது. ஐஇஇஇல பவர் எலக்ட்ரானிக்ஸ் சொசைட்டி, இண்டஸ்ட்ரியல் எலக்ட்ரானிக்ஸ் சொசைட்டி ரெண்டுமே ஸ்டூடன்ட்ஸுக்கு டிராவல் உதவி வெச்சிருக்காங்க. நம்ம பிள்ளைங்க நிறைய பேர் அக்செப்டன்ஸ் வரட்டும்னு காத்திருந்து இந்த உதவிக்கு அப்ளை பண்ற கடைசி தேதிய விட்டுடுறாங்க, பார்க்கப் பார்க்க வயிறெரியுது எனக்கு. உங்க கான்ஃபரன்ஸுக்கு அது இருக்கான்னு சேர்மேனுக்கு நாலு வரி மெயில் போடுங்க, வாலன்டியரா வேலை செஞ்சா ஃபீஸ் குறைப்பீங்களான்னும் சேர்த்தே கேளுங்க.

காலேஜ்கிட்ட கேட்டீங்களா? நீங்க போயிட்டு வந்தா அது காலேஜுக்குத் தர மதிப்பீடு குடுக்குற நாக், ரேங்க் போடுற என்ஐஆர்எஃப் கணக்குலதானே ஏறுது, அதனால கூச்சமே வேண்டாம், கைடு கையெழுத்தோட லெட்டரா குடுங்க. அந்த லெட்டர்ல "உதவி"ன்னு மட்டும் எழுதாம "அட்வான்ஸ்"னு எழுதுங்க, ஏன்னா இந்த கிராண்ட்ல முக்கால்வாசி நீங்க மொதல்ல செலவு பண்ணிட்டு அப்புறம் பில் காட்டி வாங்குற பணம். என்கிட்ட படிச்ச ஒரு பையன், கிராண்ட் சாங்ஷன் ஆன சந்தோஷத்துல வெளிய கடன் வாங்கிப் போயிட்டு வந்தான், பணம் கைக்கு வர எட்டு மாசம் ஆச்சு, அத்தனை மாசமும் ஸ்டைபண்ட்ல இருந்து வட்டி கட்டினான். அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

டிக்கெட்ட அவசரப்பட்டு போட்டுடாதீங்க. மத்திய அரசு பணத்துல போற பயணத்துக்கு பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி இந்த மூணு ஏஜென்ட்கிட்டதான் டிக்கெட் எடுக்கணும்னு 2022ல ஆர்டர் போட்டாங்க. உங்க கிராண்டுக்கு அது பொருந்துமான்னு எழுத்துல கேட்டுட்டுப் போடுங்க, வேற சைட்ல கம்மியா கிடைச்சுதுன்னு எடுத்துட்டா பில் திரும்பி வந்துடும். போர்டிங் பாஸ் நாலையும் போட்டோ எடுத்து, ஒரிஜினலையும் பத்திரமா வெச்சுக்கோங்க.

ஜெர்மனிக்கு வேண்டியது ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா), அதுக்கு ஃபீஸ் இப்ப 90 யூரோ, கூடவே 30,000 யூரோ கவர் ஆகுற டிராவல் இன்சூரன்ஸ் கேப்பாங்க. சாதாரணமா 15 நாள்ல முடியும், ஆனா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுதான் இழுக்கும். இன்விடேஷன் லெட்டர் பல இடத்துல ரிஜிஸ்டர் பண்ணாதான் தருவாங்க, ரிஜிஸ்டர் பண்ணும்போது ஸ்டூடன்ட் ரேட் பேப்பரை கவர் பண்ணுமான்னு பாத்துக்கோங்க, பல ஐஇஇஇ கான்ஃபரன்ஸ்ல ஒரு பேப்பருக்கு ஒரு ஃபுல் ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம். உங்க பட்ஜெட்ல ஓட்டை விழுற இடம் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: எனக்கு ஒரு கான்ஃபரன்ஸ்ல இருந்து இன்விடேஷன் மெயில் வந்துச்சு, அனுப்புன மூணாவது நாளே பேப்பர் அக்செப்டட்னு வந்துடுச்சு, இந்த வாரமே பணம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா? (எம்.இ. மாணவர், மதுரை)

பதில்: கட்டாதீங்க தம்பி. மூணு நாள்ல யாரு உங்க பேப்பரைப் படிச்சிருக்க முடியும்? ரிவ்யூவர் என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க, ஒண்ணும் வராது. ஐஇஇஇ பேரைச் சொல்றாங்கன்னா ஐஇஇஇ சைட்லயே கான்ஃபரன்ஸ் தேடுற இடம் இருக்கு, அதுல அந்தப் பேரு இருக்கான்னு பாருங்க. ஒரே ஹோட்டல்ல ஒரே நாள்ல சிவில், மெடிசின், மேனேஜ்மென்ட்னு இருபது கான்ஃபரன்ஸ் நடக்குதுன்னா அங்க உங்க வேலையப் பத்தி பேச ஒரு ஆளும் வரமாட்டாங்க. காலேஜ் பணமா இருந்தாலும் வேண்டாம், அதை உண்மையான ஒரு பேப்பரோட போக நினைக்கிற ஸ்காலருக்கு விட்டுக்குடுங்க.

கேள்வி: ரிஜிஸ்ட்ரேஷன் கட்டியாச்சு, விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு. போகாம விட்டா பேப்பர் என்ன ஆகும்? (வாசகர், கோவை)

பதில்: சும்மா இருந்துடாதீங்க, யாருமே வாசிக்காத பேப்பரை எக்ஸ்ப்ளோர்ங்குற அவங்க ஆன்லைன் நூலகத்துல சேர்க்காம விட ஐஇஇஇக்கு உரிமை இருக்கு. ரிஜெக்ஷன் லெட்டரை வெச்சு இன்னைக்கே சேர்மேனுக்கு எழுதுங்க, ஆன்லைன்லயோ கோ-ஆத்தர் மூலமாவோ வாசிக்க விடுவாங்களான்னு கேளுங்க, அவங்க சம்மதிச்ச மெயில பத்திரமா வெச்சுக்கோங்க.