டப்பா நிறையப் பழைய செல்கள்

கேள்வி: ரிமோட்டிலும் சுவர்க் கடிகாரத்திலும் கழற்றிய பழைய செல்கள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டன. உப்பிப்போன செல்போன் பேட்டரி ஒன்றும் அதில் கிடக்கிறது. குப்பையில் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த உப்பிய பேட்டரியைத் தனியாக எடுங்கள் அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்துதான் அப்படி உப்புகிறது. குத்தினாலோ அமுக்கினாலோ தீப்பிடித்துக்கொள்ளும். ஒரு மண்சட்டியில் உலர்ந்த மணல் போட்டு அதில் வைத்து, வெயில் படாமல் வீட்டுக்கு வெளியே வையுங்கள். நாள் கடத்தாமல், மின்கழிவு வாங்கும் இடத்திலோ செல்போன் சர்வீஸ் சென்டரிலோ விவரம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பட்டன் செல். முப்பது வருடம் கடிகாரம் பழுதுபார்த்தவன் நான். கழற்றிய செல்களை ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பேன். ஒருநாள் எதேச்சையாகத் தொட்டால் டப்பா வெதுவெதுவென்று இருக்கிறது! ஓட்டம் நின்ற செல்லிலும் கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருக்கும். ஒன்றையொன்று தொட்டதும் சூடேறியிருக்கிறது. அதற்குப் பிறகு இரு பக்கமும் செலோ டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில்தான் போட்டேன். வீட்டில் பேரக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள, 2032 என்று எண் போட்ட பட்டன் செல் குழந்தையின் தொண்டைக்குக் கீழே சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பென்சில் செல் இவ்வளவு பயமுறுத்தாது. சிறுவயதில் டார்ச் கட்டையை உடைத்து, கரித்தூளைக் கரும்பலகைக்குப் பூசியவர்கள்தானே நாங்கள்! அதில் பாதரசமும் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 2016-ன் திடக்கழிவு விதிகள் செல்களை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தியிருந்தன. மக்கும் குப்பையிலும் சேர்க்கக் கூடாது, மக்காத குப்பையிலும் சேர்க்கக் கூடாது. தனிப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். சருகோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள்.

பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்கின்றன 2022-ன் விதிகள். இன்வெர்ட்டர் பேட்டரியை, உள்ளே இருக்கும் ஈயத்துக்காகக் கடைக்காரரே விலை கழித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறார். பென்சில் செல்லுக்குக் காலணா பெறாது, அதனால் யாரும் தேடி வருவதில்லை.

ஆல்கலைன் வகைப் பென்சில் செல் ஒழுகி ரிமோட்டில் வெள்ளை பூத்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் புதுச் செல் போடலாம்.