ஊரகக் களப்பணியாளர்களுக்குப் பாலினச் சமத்துவம், மாற்றுத்திறனாளி உள்ளடக்கம் பற்றி இரண்டு நாள் பயிற்சி தர வேண்டும். எப்படித் திட்டமிடுவது? பயிற்சிக்கு முன்னும் பின்னும் தேர்வு வைக்கலாமா?

முதலில் அந்த இரண்டு நாளையும் பிரித்துவிடுங்கள். ஒரு நாள் பயிற்சி, மூன்று வாரம் களவேலை, அப்புறம் இரண்டாம் நாள். அங்கன்வாடி ஊழியர், மகளிர் குழுவின் சமுதாய வளப் பயிற்றுநர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் எல்லோரையும் கலந்து, ஓர் அணிக்கு 25 பேர் போதும். அறுபது பேரைக் கூட்டினால் மைக் வந்துவிடும். மைக் வந்தால் சொற்பொழிவும் கூடவே வந்துவிடும்.

முன்-பின் தேர்வு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். "ஆணும் பெண்ணும் சமமா?" என்று தாளில் கேட்டால் பயிற்சிக்கு முன்பே எல்லோரும் "ஆம்" என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தங்கள் பணிப் பதிவேட்டைக் கையோடு கொண்டுவரட்டும். பயிற்சியின் மையமே அந்தப் பதிவேடுதான்: அதில் யார் பெயர் இல்லை, ஏன் இல்லை.

காலை அமர்வில் தரையில் கோலமாவால் ஊர் வரைபடம் போடச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டில் ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். போலியோ கால், பார்வையின்மை, சக்கர நாற்காலி என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சட்டென்று வந்துவிடும். அறிவுசார் குறைபாடு, மனநோய், காது கேளாத பெண் பிள்ளை, படுக்கையில் கிடக்கும் பாட்டி ஆகியோர் வர மாட்டார்கள். கொட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்கும் முறைக்காக ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த குழு அது. பார்ப்பது (கண்ணாடி போட்டிருந்தாலும்), கேட்பது (காதுக்கருவி இருந்தாலும்), நடப்பது அல்லது படி ஏறுவது, நினைவில் வைப்பது அல்லது கவனம் செலுத்துவது, குளிப்பது உடுத்துவது, பேசிப் புரிந்துகொள்வது: இந்த ஆறிலும் சிரமம் உண்டா என்பதுதான் கேள்வி. விடை நான்கில் ஒன்று: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. ஒரு கேள்விக்காவது மூன்றாவதோ நான்காவதோ வந்தால் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். "ஊனம்" என்ற சொல்லே கேள்வியில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குறைபாட்டின் வகையைக் கேட்டது, நாடு முழுவதும் 2.21 சதவீதம் என்று வந்தது. உலக சுகாதார அமைப்பு உலக அளவில் சொல்லும் கணக்கோ 16 சதவீதம். இந்த இடைவெளியில் ஒரு பங்கு கேள்வி கேட்ட விதத்தால் வருவது.

இதை மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பழகவிடுங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் பதில் சொல்ல, ஒருவர் கவனிக்க, ஆளுக்குப் பத்து நிமிடம். இங்கேதான் தவறுகள் வரிசையாக வெளியே வரும். "அக்கா, உங்க வீட்டுல முடியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டால், மாமியார் "அதெல்லாம் யாரும் இல்லம்மா" என்று முடித்துவிடுவார். உள்ளே இருக்கும் மருமகளுக்கு ஒரு காது கேட்காது. ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி ஆறு கேள்வியும் கேட்க வேண்டும், முடிந்தவரை அவரிடமே. இன்னொரு தவறு, நான்கு விடையையும் வாசிக்காமல் "இருக்கா, இல்லையா" என்று சுருக்குவது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த ஆறு கேள்வி பொருந்தாது, அவர்களுக்குத் தனித் தொகுப்பு உண்டு. மனநோயையும் இது சரியாகப் பிடிக்காது. மிக முக்கியமாக, இது சான்றிதழ் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று மருத்துவர்கள் சான்று தர வேண்டும். "பேரு எழுதியாச்சு, பணம் வரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை அந்தத் தெருவுக்குள் தலைகாட்ட முடியாது.

கண்ணைக் கட்டி நடக்கவிடும் விளையாட்டைத் தயவுசெய்து வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தடுமாறியவருக்கு "ஐயோ பாவம்" என்பதுதான் மிஞ்சும். பழகிய பார்வையற்றவர் எப்படி வாழ்கிறார் என்று தெரியாது. மாற்றுத்திறனாளி ஒருவரையே சக பயிற்றுநராக, மற்றப் பயிற்றுநருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு அழையுங்கள். மாலையில் அவரோடு பக்கத்து அங்கன்வாடிக்கோ ரேஷன் கடைக்கோ அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். சாய்தளத்தின் சரிவு 1:12 இருக்க வேண்டும், அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். தரையிலிருந்து வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர். இடம் இல்லை என்று இரண்டு மீட்டரில் முடித்திருப்பார்கள், அதில் சக்கர நாற்காலியைத் தள்ளுவதே ஆபத்து. கதவின் அகலம் 90 செ.மீ. இருக்கிறதா, கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறந்து இடத்தை அடைக்கிறதா, சாய்தளம் முடிந்த இடத்தில் இன்னொரு படி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பாலினப் பகுதிக்கு, ஆணும் பெண்ணும் எந்த நேரத்தில் என்ன வேலை செய்கிறார்கள் என்று 24 மணி நேர வேலைக் கடிகாரம் வரையும் பயிற்சியைத்தான் எல்லோரும் வைக்கிறார்கள். பெண்கள் சிரிப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், அத்தோடு சரி. அதைவிட அவர்கள் வேலையிலிருந்தே கேளுங்கள்: குழுக் கூட்டம் எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் யாரால் வர முடியாது? கடன் யார் பெயரில், பணம் யார் கையில்? மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஏன் எந்தக் குழுவிலும் இல்லை? மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் குழுவை ஐந்து பேரோடே தொடங்கலாம், ஆண்களும் சேரலாம் என்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதி இருக்கிறது. இது தெரியாமல் "பத்துப் பேர் சேரட்டும்" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடும் ஊர்கள் உண்டு.

பன்முகத்தன்மை என்று பேசிவிட்டுச் சாதியைத் தொடாமல் போனால் நம் ஊரில் அந்த அமர்வுக்கு அர்த்தமில்லை. தனிச் சொற்பொழிவு தேவையில்லை. பயிற்சி எந்தத் தெருவில் நடக்கிறது, யார் சமைக்கிறார்கள், யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதே பாடம். ஊர்ப் பொது மண்டபம் வேண்டாம், ஒன்றிய அலுவலகக் கட்டடம் நல்லது. வரைபடத்தில் தலித் மக்கள் வாழும் காலனி ஓரத்தில் ஒற்றைக் கட்டமாக இருந்தால், வீடுவீடாக மறுபடி வரையச் சொல்லுங்கள். இருளர் குடியிருப்பு விடுபட்டிருந்தாலும் அப்படியே. திருநங்கை, திருநம்பியர் பற்றி ஓர் எச்சரிக்கை: பதிவேட்டை நிரப்புகிறேன் என்று அவர்களின் பெற்றோர் வீட்டுக் கதவைத் தட்டி விசாரிக்கக் கூடாது. வீட்டில் தெரியாத ஒன்றைப் போட்டுடைத்துவிட நேரும். அவர்களாக வந்து சொன்னால் மட்டும் எழுதலாம்.

இரண்டாம் நாளில் ஒரு மணி நேரத்தைப் பணியாளர்களின் சொந்தப் பாதுகாப்புக்கு ஒதுக்குங்கள். ராஜஸ்தானில் அரசுத் திட்டத்தின் ஊர்ப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி 1992இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய்க் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அதைத் தொடர்ந்த வழக்கில்தான் 1997இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது, 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வந்தது. தங்களைப் போன்ற ஒரு பணியாளரால் வந்த சட்டம் என்பது இவர்களில் பலருக்குத் தெரியாது. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடமென்றால் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வட்டாரத்தில் புகார் வாங்கும் பொறுப்பு அலுவலர் ஏழு நாளில் அதை அனுப்பியாக வேண்டும். அவர் யார் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எங்கே போய் உதவி கேட்பது என்று சொல்லும் கைகாட்டித் தாள் ஒரே பக்கம் போதும்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், சான்றிதழ் முகாம் நாள், குடும்ப வன்முறைக்கான பாதுகாப்பு அலுவலர், பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098. அச்சடிக்கும் முன் ஒவ்வொரு எண்ணையும் நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். கோப்புகள் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்ததை, பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் உளறலாகத்தான் படிக்கும். சைகைமொழி பெயர்ப்பாளர்கள் இரண்டு பேர் வேண்டும், அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ள. ஒருவரை நாள் முழுக்க நிறுத்தினால் மதியத்துக்கு மேல் பாதிச் செய்தி விடுபடும்.

மூன்றாம் மாதம் மீண்டும் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்: புதிதாக எத்தனை பெயர், அதில் பெண்கள் எத்தனை, காலனியிலிருந்து எத்தனை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தவர் எத்தனை. செலவுத் திட்டத்தில் உடன் வரும் துணையாளரின் ஆட்டோ கட்டணத்தையும், கைக்குழந்தையோடு வரும் பணியாளருக்காகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் கூலியையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் கேட்டால் தணிக்கையில் நிற்கும்.