ஜெபித்தும் பதில் வரவில்லை. "அன்னாளைப் போல் பொறுமையாக இரு" என்கிறார்கள். எப்படி இருப்பது?

கேட்டவர் அநேகமாகக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லாத சகோதரியாக இருப்பார் என்று நினைத்து எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். எனக்கும் 9 வருடமாக இதையேதான் சொன்னார்கள்.

வேதத்தில் அன்னாளின் கதை இருக்கிற 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். எல்க்கானாவும் அவன் மனைவிகள் அன்னாளும் பெனின்னாளும் வருஷந்தோறும் குடும்பமாகச் சீலோவிலிருந்த கர்த்தருடைய ஆலயத்துக்குப் பலியிடப் போகிறார்கள். பிள்ளை பெற்ற பெனின்னாள் அங்கே வைத்தே அன்னாளை மனம் நோகப் பேசுகிறாள். அன்னாள் அழுகிறாள், சாப்பிட மறுக்கிறாள். பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேல் அல்லவா என்று எல்க்கானா கேட்கிறான். என் வீட்டுக்காரரும் "நான் இருக்கேன்ல" என்பார். பாசத்தோடுதான் சொல்வார். அன்று ராத்திரி இன்னும் அதிகமாக அழுகை வரும்.

ஏழாவது வருடம், ஒரு ஞாயிறு. அன்று ஆராதனையில் மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். எல்லாரும் போன பிறகு கடைசிப் பெஞ்சில் குனிந்து அழுதுகொண்டிருந்தேன். பெண்கள் ஐக்கியத்தில் பொறுப்பில் இருந்த ஓர் அக்கா வந்து, "இப்படி அழுறது அவிசுவாசம்மா. அன்னாள் மாதிரிப் பொறுமையா இரு" என்றார். ஏழு வருடமாக வாய் திறக்காத நான் அன்று சொல்லிவிட்டேன்: "அக்கா, அன்னாள் மனங்கசந்து மிகவும் அழுதாள்னுதான் வேதத்தில போட்டிருக்கு."

பெரியவர்களை எதிர்த்துப் பேசியதாகச் சிலர் இங்கே வந்து சொல்வார்கள். அன்னாளும் பேசினாள். அவள் சத்தமில்லாமல் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்ததைப் பார்த்து, ஆசாரியனாகிய ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொண்டான். அவள் இல்லை ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ, இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்று மரியாதையாக விளக்கினாள். ஏலி உடனே அவளை ஆசீர்வதித்தான். அவள் பாவத்தால்தான் பிள்ளை இல்லை என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. யார் உங்களிடம் அப்படிச் சொன்னாலும் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொரு ஆதங்கம். உதடு மட்டும் அசைய ஜெபிக்க இன்று எந்தச் சபையில் இடமிருக்கிறது? நாலு பக்கமும் ஸ்பீக்கர், ஆராதனை முடிந்தும் கீபோர்டு நிற்காது. ஜெப அறை கேட்டால் சாவி இல்லை என்கிறார்கள். கட்டடத்துக்குக் காணிக்கை வாங்கும்போது அந்த அறையையும் சொல்லித்தான் வாங்கினார்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

நான் பிடித்துக்கொண்டிருப்பது 18-ஆம் வசனம். அன்னாள் புறப்பட்டுப் போய்ச் சாப்பிட்டாள், அதன்பின் அவள் முகத்தில் துக்கம் இல்லை. கவனியுங்கள், அப்போது அவள் கர்ப்பமாகக்கூட இல்லை. அவள் மகன் சாமுவேல் பிறந்தது பிறகுதான். பால் மறந்ததும், நேர்ந்துகொண்டபடியே அவனைச் சீலோவில் விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனதெல்லாம் அதற்கும் பிறகு.

எனக்கு இன்றுவரை பிள்ளை இல்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். அந்த அக்கா அன்று பதில் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனபோது மணி இரண்டு. ஆறிப்போன சோற்றில் மீன் குழம்பை ஊற்றி, நாலு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.