காலையிலேயே மண்டை மந்தமா? சாப்பாடு, தூக்கம்: கேள்வி பதில்

பாளையங்கோட்டை மாணவர்: அண்ணாச்சி, குரூப் 2 தேர்வுக்குப் படிக்கேன். ராத்திரி 1 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எந்திக்கேன். படிச்சது ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.

பதில்: நாலு மணி நேரத் தூக்கத்தில் நிற்காது தம்பி. பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் பதிய வைக்கிறது. 7 மணி நேரமாவது வேண்டும். முதலில் எழும் நேரத்தைக் கட்டிப் போடுங்கள்: 5 மணி என்றால் ஞாயிற்றுக்கிழமையும் 5 மணி. பொழுது விடிந்ததும் கால் மணி நேரம் மொட்டை மாடியில் நில்லுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ராத்திரி 10 மணிக்குக் கண் சொருகத் தொடங்கும். அதைக் கெடுப்பது காபி. கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 8 மணிக்குக் குடித்ததில் பாதி 1 மணிக்கும் ரத்தத்தில் ஓடும். கடைசி காபி மதியம் 2 மணியோடு சரி. பகலில் படுத்தால் அலாரம் வைத்து 20 நிமிஷம், அதுவும் 3 மணிக்குள். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழும்போது மண்டை இன்னும் கனக்கும்.

உடன்குடி வாசகர்: கருப்பட்டிக் காபின்னா ராத்திரி குடிக்கலாம்லா?

பதில்: இனிப்புதான் மாறியிருக்கிறது, காபித்தூள் அதேதான். தூளை விட்டுவிட்டுச் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டால் குடிக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியும் வேண்டாம்.

நெல்லை டவுன் கடைக்காரர்: மதியம் சாப்பிட்டுட்டு வந்து கல்லாவுல உக்காந்தா கணக்கு தப்புது.

பதில்: அந்த நேரத்தில் உடம்பே கொஞ்சம் சோரும், குவித்துப் போட்ட வெள்ளைச் சோறு அதைக் கூட்டுகிறது. சோற்றைப் பாதியாக்கி, அவியலையும் பருப்பையும் முதலில் சாப்பிடுங்கள். நம்ம உளுந்தம்பருப்புச் சோறு இதற்கு வாகானது: ரெண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து, கொஞ்சம் வெந்தயம், பூண்டு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பருப்பும் தொலியும் சேர்ந்தால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். சாப்பிட்டதும் 10 நிமிஷம் ரத வீதியில் நடந்துவிட்டு உட்காருங்கள்.

முக்கூடல் வாசகி: பீடி சுத்துதேன் அண்ணாச்சி. காலையில வெறும் டீதான், அப்புறமும் நாலஞ்சு டீ. எதுவும் ஞாபகத்துல இல்ல, எந்திச்சா கிறுகிறுன்னு வருது.

பதில்: இதைச் சோம்பல் என்று யாரும் சொன்னால் காதில் வாங்காதீங்க தங்கச்சி. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. மூளைக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். சோற்றோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். முருங்கைக் கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். இரும்பு மாத்திரை கொடுத்தால் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். மலம் கறுத்துப் போகும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் பாதியில் விடுகிறார்கள். அளவு ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பில் இருப்பு சேரும். வெறும் வயிற்றில் வேலைக்கு உட்காராதீர்கள். ரெண்டு இட்லி, ஒரு முட்டை போதும்.

அம்பாசமுத்திரம் வாசகர்: வயசு 63, சுத்த சைவம். மறதியோட கால் மரத்தும் போகுது.

பதில்: ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள் ஐயா. காய்கறியில் அது கிடையாது. சாப்பாட்டில் உங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டாலும் பி12 குறையும். கால் மரப்பு இருப்பதால் தள்ளிப் போடாதீர்கள், நரம்பு கெட்டால் முழுசாக மீளாமல் போகலாம்.

தென்காசி வாசகி: எங்க வீட்டுக்காரங்க 8 மணி நேரம் தூங்கியும் பகல்ல சொக்கி விழுதாங்க. குறட்டை வேற.

பதில்: குறட்டை நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிறாரா என்று கவனியுங்கள். ஐந்து நிமிஷம் செல்போனில் வீடியோ எடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருந்தால் எத்தனை மணி நேரம் படுத்தாலும் மூளைக்கு ஓய்வு கிடைக்காது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மது அடைப்பைக் கூட்டும். பரிசோதனை முடியும்வரை அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.