சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்களுக்கும் அங்கேயே பிறந்தவர்களுக்கும் உடல் கொழுப்பில் வித்தியாசம் உண்டா? என் தம்பிக்கு எடை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தொப்பை விழுந்துவிட்டது.

நானும் உங்கள் தம்பி மாதிரிதான். 2011இல் மன்னார்குடியிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தபோது 57 கிலோ. மெடிக்கலில் தேறியவர்களுக்குத்தான் பர்மிட் என்பதால், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒல்லியாக, நோயில்லாமல் இருப்பார்கள். இங்கே பிறந்தவர்களோடு அப்போது ஒப்பிட்டால் நாம்தான் ஆரோக்கியம் என்று தோன்றும். பத்து வருடம் கழித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு சைட்டிலிருந்து ஆபீஸுக்கு வேலை மாறியது. கேட்டரிங் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. கூடவே கண்டென்ஸ்ட் மில்க் போட்ட தே (டீ), ஒரு நாளைக்கு நாலு. 66 கிலோ ஆனேன். ஊருக்குப் போனபோது "இப்பதான்டா ஆளா இருக்கே" என்றார் அம்மா. இங்கே டாக்டரோ பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23ஐத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் பார்டரில் இருக்கிறது என்றார்.

மேற்கத்திய நாடுகளில் 25 வரை சரி என்பார்கள். சிங்கப்பூரில் 23லேயே எச்சரிக்கை, 27.5க்கு மேல் அதிக அபாயம். காரணம் நம் உடல்வாகு. 2004இல் புனே டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. கொழுப்பு பிரிட்டிஷ்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! நமக்குத் தசை குறைவு. கை கால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேருகிறது.

இங்கேயே பிறந்த தமிழர்களுக்கும் இதே உடல்வாகுதான். என்னோடு வேலை பார்க்கும், இங்கேயே பிறந்த ஒரு பையனின் தாத்தா நாகப்பட்டினத்துக்காரர். "அண்ணே, எங்க வீட்ல முக்காவாசிப் பேருக்கு இனிப்பு நீர்" (சர்க்கரை நோய்) என்பான். அதனால் பிறந்த ஊரை வைத்து மட்டும் பிரித்துப் பார்ப்பதில் பெரிய பயனில்லை என்பது என் கருத்து. ஒன்று உண்டு: இங்கே பிறந்த ஆண்களுக்கு தேசிய சேவை (ராணுவம் போன்ற கட்டாயப் பணி), அதன்பிறகும் பல வருடம் உடற்தகுதிச் சோதனை. நம்மை அப்படி ஓடச் சொல்ல யாருமில்லை.

சரி, தம்பி என்ன செய்யலாம்? எடையை விட்டுவிட்டு இடுப்பை அளக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். பேன்ட் அளவை நம்ப வேண்டாம், தொப்பைக்குக் கீழே போடுகிறோம். கடையில் 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சீனியும் இல்லாமல் தருவார்கள். நான் அதற்கு மாறி, இரவுச் சோற்றைப் பாதியாக்கி, தினமும் முக்கால் மணி நேரம் நடந்தேன். 93 இருந்த இடுப்பு ஒரு வருடத்தில் 87 ஆனது. சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.