மோல்ட்கே திட்டமே போடாதவரா?

கேள்வி: "எதிரியைக் கண்டதும் எந்தத் திட்டமும் செத்துப்போகும்" என்று மோல்ட்கே என்ற பிரஷ்யத் தளபதி சொன்னதாக எங்கள் மேலாளர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார். திட்டம் கிட்டம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், போர்க்களத்தில் பழம் தின்று கொட்டை போட்ட அனுபவத்தாலேயே அவர் ஜெயித்தாராமே? அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: உங்கள் மேலாளர் ஆளைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். ஹெல்முத் ஃபோன் மோல்ட்கே, ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் ஜெனரல் ஸ்டாஃபுக்கு, அதாவது போர்த் திட்டங்கள் போடும் ராணுவத் தலைமையகத்துக்குத் தலைவரானது 1857இல், 57 வயதில். அதுவரை பிரஷ்ய ராணுவத்தில் ஒரு கம்பெனிக்குக்கூட, அதாவது ஒரு சிறு படைப்பிரிவுக்குக்கூட அவர் தலைமை தாங்கியதில்லை. கண்ணால் கண்ட பெரிய போரும் ஒன்றே ஒன்றுதான். அதிலும் தோற்ற பக்கம்!

பிறப்பால் அவர் பிரஷ்யரும் இல்லை. 1800இல் மெக்லென்பர்க் என்ற வேறொரு ஜெர்மன் அரசில் பிறந்தவர். அப்பா டென்மார்க் ராணுவத்தில் இருந்ததால் பையனையும் கோபன்ஹேகன் ராணுவப் பள்ளியில் போட்டார்கள். டேனிஷ் லெப்டினன்ட்டாக இருந்தவர் 1822இல் பிரஷ்யாவுக்குத் தாவினார். சம்பளம் போதவில்லை. குதிரை வாங்கப் பணம் வேண்டி, ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய கிப்பனின் பிரம்மாண்டமான நூலை ஜெர்மனில் மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்பதை ஒன்றரை வருடத்தில் முடித்தும் கொடுத்தார். பதிப்பாளர் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது. (மொழிபெயர்ப்பாளர்கள் பெருமூச்சு விடுவது இங்கே கேட்கிறது.)

1835இல் விடுப்பில் துருக்கி போனவர், சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் ராணுவ ஆலோசகராக அங்கேயே தங்கிவிட்டார். கான்ஸ்டான்டினோபிளை அளந்து வரைபடம் போட்டார். 1839 ஜூனில் நிசிப் என்ற இடத்தில் எகிப்துப் படையோடு மோதல். "இந்த இடம் சரியில்லை, பின்வாங்கி அரணுக்குள் போய்விடுவோம்" என்று துருக்கித் தளபதி ஹாஃபிஸ் பாஷாவிடம் சொல்லிப் பார்த்தார். பாஷா முல்லாக்களின் பேச்சைக் கேட்டார். அப்புறம் என்ன, துருக்கிப் படை சிதறி ஓடியது. அந்த ஒரு போர்தான் உங்கள் மேலாளர் சொல்லும் 'அனுபவம்'.

ஊர் திரும்பியவர் பெர்லின்-ஹாம்பர்க் ரயில்வேயின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தார். ரயில் பாதைக்கு வழி தேர்வது எப்படி என்று 1843இல் கட்டுரையும் எழுதினார். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையின் திருப்பம் இந்த இடம்தான், எந்தப் போர்க்களமும் அல்ல. மற்ற தளபதிகள் குதிரையையும் வாளையும் நினைத்துக்கொண்டிருந்தபோது, எத்தனை தண்டவாளம், எத்தனை பெட்டி, எந்தப் படை எந்த ஸ்டேஷனில் எந்த நாளில் இறங்கும் என்று கணக்குப் போட்டவர் இவர். 1864இல், தன்னைப் படிக்கவைத்த டென்மார்க்கோடே போர். சரி, அதை விடுங்கள். 1866இல் ஆஸ்திரியாவோடு மோதியபோது பிரஷ்யா படைகளை எல்லைக்குக் கொண்டுவந்தது ஐந்து ரயில் பாதைகளில். ஆஸ்திரியாவுக்கு இருந்தது ஒன்று. ஆஸ்திரியா முன்கூட்டியே ஆள் திரட்டத் தொடங்கியும் பலனில்லாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். தனித்தனியாக வந்த படைகள் ஜூலை 3 அன்று க்யோனிக்ரேட்ஸ் களத்தில் ஒன்றுசேர்ந்தன. அன்றைக்குக்கூட மோல்ட்கேயை ராணுவத்தில் பலருக்குத் தெரியாது. போருக்கு நடுவே அவரிடமிருந்து உத்தரவு வந்ததும் ஒரு டிவிஷன் தளபதி, "எல்லாம் சரிதான், யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?" என்று கேட்டாராம்.

இப்போது அந்த வாசகத்துக்கு வருவோம். 1871இல் போர் உத்தியைப் பற்றிய கட்டுரையில் அவர் எழுதியதன் சாரம் இது: எதிரியின் பிரதானப் படையோடு முதல் மோதல் வரைக்கும்தான் ஒரு திட்டத்தை ஓரளவு நிச்சயமாக நம்பலாம், அதற்கப்பால் நம்ப முடியாது. அந்த முதல் மோதல் வரை? அங்கே அவர் ரயில் கால அட்டவணை போலக் கறாரான ஆள். உங்கள் மேலாளர் முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் ஒப்பிக்கிறார்.

முந்தைய வருடம் பிரான்சோடு நடந்த போரில் பட்டதைத்தான் அவர் எழுதினார். ஸார் ஆற்றங்கரையில் பிரெஞ்சுப் படையை வளைக்க வலை விரித்திருந்தார். 1870 ஆகஸ்ட் 6 அன்று அவர் பக்கத்துத் தளபதி ஷ்டைன்மெட்ஸின் படை அவசரப்பட்டு ஸ்பிஷெரனில் சண்டைக்குள் விழுந்தது, வலை கிழிந்தது. திட்டத்தைக் கெடுக்க எதிரிதான் வேண்டும் என்பதில்லை! மோல்ட்கே உட்கார்ந்து புலம்பவில்லை, புதிதாக வரைந்தார். ஆகஸ்ட் கடைசியில், பாரிஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்த படைகளை, பிரெஞ்சுத் தளபதி மக்மாஹோன் வடக்கே நகர்கிறார் என்று தெரிந்ததும் அப்படியே வலப்பக்கம் திருப்பினார். லட்சக்கணக்கான ஆட்களை நடுவழியில் திருப்புவது லேசா? சாப்பாடு, குண்டு, வண்டி எல்லாம் கூடத் திரும்ப வேண்டும். செப்டம்பர் 1இல் செடான் போர். மறுநாள் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கைதி.

அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. அடுத்து முற்றுகையிட்ட பாரிஸைக் குண்டு போட்டு மடக்க வேண்டும் என்றார் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்; பட்டினி போட்டு மடக்கலாம் என்றார் இவர். கடைசியில் நகரத்து மக்களுக்கு இரண்டுமே கிடைத்தன. "நிரந்தர அமைதி வெறும் கனவு, அதுவும் அழகான கனவு அல்ல" என்று 1880இல் கடிதம் எழுதியவர், பத்து வருடம் கழித்து ஜெர்மன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அடுத்த போர் ஏழு வருடமோ முப்பது வருடமோ இழுக்கலாம், ஐரோப்பாவுக்குத் தீ வைப்பவனுக்குக் கேடு என்று எச்சரித்தார். அப்போது அவருக்கு வயது 89. மறுவருடம் இறந்துபோனார்.

ஏழு மொழிகளில் மௌனமாக இருக்கத் தெரிந்தவர் என்று அவரைக் கேலி செய்வார்கள். ஆனாலும் குரல் மிஞ்சியிருக்கிறது. 1889இல் எடிசனின் ஆள் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு தேடிப் போய்ப் பதிவு செய்தார். கிழவர் ஷேக்ஸ்பியரையும் ஜெர்மன் கவிஞர் கதேயையும் ஒப்பித்தார். உங்கள் மேலாளர் சொல்லும் வாசகம் அதிலும் இல்லை.